பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்: ஆங்கில முன்னிடைச்சொற்கள் காட்டும் வரலாறு

முன்னுரை

மொழியில் அளவாற் சிறியவை இடைச்சொற்கள். ஆயினும் ஓர் ஊரோடு நிறுவனத்தையும், ஒரு நாட்டோடு பதவியையும் பிணைக்கும் பணி அவற்றிடமே விடப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் நகரம், தீவு, பல்கலைக்கழகம், நீதிமன்றம் போன்ற பொதுப்பெயர்கள் சிறப்புப்பெயர்களோடு சேரும்போது ‘ஆஃப்’, ‘அட்’, ‘ஃபார்’, ‘இன்’ முதலிய முன்னிடைச்சொற்கள் இடையே நிற்கின்றன. இவ்வழக்கு தோன்றி வளர்ந்த வரலாற்றையும், இந்தியப் பதவிப்பெயர்களிலும் நிறுவனப்பெயர்களிலும் அது உணர்த்தும் பொருளையும் தமிழ் இலக்கண நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆங்கில நிலை

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இவ்வுறவை வேற்றுமை ஈறுகளும் சொற்சேர்க்கையும் உணர்த்தின. உரோம் நகரம் ‘ரோமெபுர்ஹ்’ எனவும், இலண்டன் ‘லுண்டென்புர்ஹ்’ எனவும் வழங்கின. சிறப்புப்பெயர் முன்னும், அரண்சூழ்ந்த ஊரைக் குறிக்கும் ‘புர்ஹ்’ என்னும் பொதுப்பெயர் பின்னும் நின்றன. ‘ஆல்ஃபிரட் அரசன்’ என்பதும் இவ்வரிசையிலேயே அமைந்தது. மேற்குச் சாக்சானியரின் அரசன் என்பதை, ஆறாம் வேற்றுமைப் பன்மை ஈறு பெற்ற இனப்பெயரை முன்வைத்து ‘வெஸ்ட்சேயக்ஸ்னா கூனிங்’ என்றனர். ‘வைகை ஆறு’, ‘பாண்டியர் வேந்தன்’ என்னும் தமிழ்த் தொடர்களின் அமைப்புக்கு இஃது ஒப்பாதல் நோக்கத்தக்கது.

‘ஆஃப்’ என்னும் சொல் அக்காலத்தும் இருந்தது. ஆனால் அது ‘இலிருந்து’ என்னும் நீக்கப்பொருளையே பெரும்பாலும் தந்தது. தமிழ் இலக்கணப்படி கூறின், அது ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய பொருளாகும். இன்று நீங்குதலைக் குறிக்கும் ‘ஆஃப்’ வேறு எழுத்துக்கூட்டலோடு தனிச்சொல்லாக நிற்பினும், இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்களே.

‘ஆஃப்’ பெற்ற ஏற்றம்

பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் இந்நிலை மாறியது. வேற்றுமை ஈறுகளின் ஒலி தேய்ந்தது. பெயர்களின் உறவை உணர்த்த வேறொரு கருவி தேவைப்பட்டது. அதே காலத்தில் அரசவையிலும் ஆட்சித்துறையிலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றிருந்தது. அம்மொழியில் ‘தெ’ என்னும் முன்னிடைச்சொல் ஆறாம் வேற்றுமையின் பணியை ஏற்றிருந்தது. பதினான்காம் நூற்றாண்டிற்குள் ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ அவ்விடத்தைப் பெரும்பான்மையும் கைப்பற்றிக்கொண்டது.

இம்மாற்றத்திற்குக் காரணம் பிரெஞ்சுத் தாக்கமா, ஈறுகளின் தேய்வா என்பது அறிஞரிடையே நெடிது பேசப்பட்டதாகும். இரண்டையும் பிரித்துக் காண்பது பொருந்தும். உடைமைப் பொருளில் ‘ஆஃப்’ பெருகியதற்கு ஈற்றுத் தேய்வே போதிய காரணமாகலாம். ஆனால் ‘இலண்டன் நகரம்’ என்பதில் இலண்டனும் நகரமும் ஒன்றே. உடைமையும் இல்லை, நீக்கமும் இல்லை. இலத்தீனிலும் ‘ஊர்ப்ஸ் ரோமா’ என இரு பெயர்களும் ஒரே வேற்றுமையில் அடுத்து நிற்பதே பெருவழக்கு. ஆங்கிலத்தில் இவ்விடத்தும் ‘ஆஃப்’ வந்தமைக்குப் ‘பாரிசு நகரம்’ என்பதைத் ‘தெ’ சேர்த்துக் கூறும் பிரெஞ்சு வழக்கே முன்மாதிரியாகியிருத்தல் வேண்டும்.

இவ்வழக்கு எல்லாப் பெயர்களிலும் ஒருசேர நிலைபெறவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் யோர்தான் ஆறு ‘ஆஃப்’ பெற்றும், யூப்ரடீஸ் ஆறு அது பெறாமலும் வருகின்றன. பின்னர் ஆற்றுப்பெயர்கள் அதை முற்றும் விலக்கின. மலைச்சிகரங்களும் ஏரிகளும் பெரும்பாலும் அதனை வேண்டுவதில்லை. வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா ஆகியன ‘ஆஃப்’ பெறுகின்றன. அட்சன் விரிகுடா பெறுவதில்லை. நன்னம்பிக்கை முனை பெறுகிறது; குமரிமுனையைக் குறிக்கும் ‘கேப் கொமொரின்’ பெறுவதில்லை. ஆகவே இது விதியினும் வழக்காற்றையே சார்ந்தது எனலாம்.

தமிழ் இலக்கண நோக்கு

‘மதுரை மாநகர்’ என்பதனை ‘மதுரையாகிய மாநகர்’ என விரித்து இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்பர். ‘மதுரைக் கோயில்’ என்பது ‘மதுரைக்கண் உள்ள கோயில்’ என விரிதலின் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். ‘பாண்டியன் நாடு’ ஆறாம் வேற்றுமைத்தொகை. இம்மூன்று உறவுகளையும் ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ ஒன்றே ஏற்கவல்லது. இலண்டன் நகரம், பிளாசிப் போர், பிரான்சு அரசன் என்பவற்றுள் முறையே ‘ஆகிய’, ‘கண்’, ‘அது’ என்னும் பொருள்கள் அதனுள் அடங்கியுள்ளன. தமிழ் உருபைத் தொகுத்துப் பொருளை விரிப்பவர்க்கு விடுகிறது. ஆங்கிலமோ உருபை வெளிப்படக் கூறியும் பொருளை அவ்வாறே விடுகிறது.

ஆயினும் ‘ஆஃப்’ என்பதனை விடுத்து வேறொரு முன்னிடைச்சொல்லை ஆள்வோர் ஆளுமிடத்து, அத்தேர்வு பொருளுடையதாகிறது. இதனை இந்திய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பதவிப்பெயர்களில் முன்னிடைச்சொற்கள்

1600ஆம் ஆண்டின் பட்டயம், கிழக்கிந்தியக் கம்பெனியை இலண்டனைச் சேர்ந்த, கிழக்கிந்தியப் பகுதிகளுக்குள் சென்று வணிகம் செய்யும் வணிகர்களின் குழு எனப் பெயரிட்டது. இலண்டனுக்கு ‘ஆஃப்’, கிழக்கிந்தியாவிற்கு ‘இன்டு’. முன்னது உரியவிடம், பின்னது செல்லுமிடம். இந்தியாவின்மீது உரிமை எதனையும் அப்பெயர் கோரவில்லை.

1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் வங்காளத்தில் உள்ள வில்லியம் கோட்டை மாகாணத்திற்குத் தலைமை ஆளுநர் பதவியை உருவாக்கியது. இங்குக் கோட்டை ‘ஆஃப்’ பெற்றது. வங்காளம் ‘இன்’ பெற்றது. ஆட்சி கோட்டைக்குரியது, கோட்டை இருப்பது வங்காளத்தில். 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அப்பதவியை ‘இந்தியாவின் தலைமை ஆளுநர்’ என்றாக்கியது. கோட்டையும் இடப்பொருள் உருபும் மறைய, ‘ஆஃப்’ நேரே இந்தியாவோடு சேர்ந்தது. 1876இல் ‘இந்தியப் பேரரசி’ என்னும் பட்டமும் இவ்வமைப்பிலேயே எழுந்தது. ‘உள்ளே சென்று’ என்பதிலிருந்து ‘உடைய’ என்பது வரை ஆட்சி கடந்த தொலைவை இவ்வுருபுகளே காட்டிவிடுகின்றன.

உயர் நீதிமன்றப் பெயர்கள்

1861ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து 1862இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் உயர் நீதிமன்றங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் பெயர்களில் ஊர்ப்பெயருக்கு முன் வருவது ‘அட்’. நீதிமன்றம் அமர்ந்துள்ள இடத்தை அது சுட்டும். 1866இல் ஆக்ராவில் தோன்றிய நீதிமன்றமோ வடமேற்கு மாகாணங்களுக்கு ‘ஃபார்’ என்னும் உருபோடு பெயர் பெற்றது. இஃது அதிகார எல்லையைச் சுட்டும். 1869இல் அந்நீதிமன்றம் அலகாபாத்துக்கு இடம்பெயர்ந்தபோதும் பெயர் மாறவேண்டிய தேவை எழவில்லை. 1919இல்தான் அஃது ‘அட்’ பெற்று அலகாபாத்தின் பெயரை ஏற்றது. 2014 முதல் 2018 முடிய ஐதராபாத்தில் இயங்கிய பொது நீதிமன்றத்தின் பெயரில் இவ்விரு உருபுகளும் ஒருங்கே நின்றன: நகருக்கு ‘அட்’, தெலங்கானா, ஆந்திரப்பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களுக்கும் ‘ஃபார்’.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 2016இல் நகரங்களின் புதிய பெயர்களுக்கேற்ப மூன்று உயர் நீதிமன்றங்களின் பெயரை மாற்றும் முன்வடிவு நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 1 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ‘தமிழ்நாடு உயர் நீதிமன்றம்’ எனப் பெயரிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. முன்வடிவு நீதிமன்றம் அமர்ந்த நகரை நோக்கியது. தீர்மானம் அதன் எல்லையை நோக்கியது. 2004 முதல் மதுரையிலும் அமர்வு நடைபெறுதலின் எல்லையை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. எனினும் புதுச்சேரியும் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டதாகலின், அப்பெயரும் எல்லை முழுவதையும் தழுவுவதாகாது. முன்வடிவு சட்டமாகவில்லை.

முடிவுரை

நீக்கப்பொருளில் தொடங்கிய ‘ஆஃப்’ ஈற்றுத் தேய்வாலும் பிரெஞ்சு வழக்காலும் உடைமையையும் ‘ஆகிய’ என்னும் ஒற்றுமைப் பொருளையும் ஏற்றது என்பதும், ‘அட்’ இருப்பிடத்தையும் ‘ஃபார்’ எல்லையையும் பிரித்துணர்த்துகின்றன என்பதும் மேற்கூறியவற்றால் பெறப்படும். ‘சென்னை உயர் நீதிமன்றம்’ என்னும் தமிழ்த் தொடரில் இருப்பிடம், எல்லை ஆகிய இரு பொருள்களும் தொக்கு நிற்கின்றன. அன்றாட வழக்கிற்கு இச்சுருக்கம் தக்கதே. ஆனால் சட்டங்களையும் பட்டயங்களையும் தமிழாக்குவோர், மூலத்தில் நின்ற உருபு யாது என நோக்கி, வேண்டுமிடத்து அதனை விரித்தே எழுதுதல் வேண்டும். உருபு தொகலாம், உரிமை தொக்குவிடலாகாது.