ஏரிக்குப் பெயர் தந்த ஞானியார்

செகந்திராபாத்தில் குடியேறிய நம்மவர், பணியின் பொருட்டும் கடைகண்ணிக்கும் ஐதராபாத் செல்லும்போதெல்லாம் ஒரு பெரிய ஏரிக்கரையைக் கடந்தே செல்கின்றனர். 'டாங்க் பண்ட்' என்று நாம் பேச்சில் சுருக்கிக்கொண்ட அக்கரை தாங்கி நிற்பது ஹுசேன் சாகர் ஏரி. 1591இல் ஐதராபாத் நகருக்குக் கால்கோளிடப்படுவதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் முன்னரே, 1562-63 ஆம் ஆண்டளவில், மூசி ஆற்றின் கிளையோடை ஒன்றை மறித்து அது எழுப்பப்பட்டது. நகரினும் மூத்த அவ்வேரிக்குப் பெயர் தந்த ஹுசேன் என்பார் யாவர் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அவர் ஹஸ்ரத் ஹுசேன் ஷா வலி என்னும் சூஃபி ஞானியார். 1422இல் குல்பர்காவில் மறைந்த காஜா பந்தே நவாஸ் கேசுதராசின் வழிவந்தவர் என்பது மரபு. தில்லியில் நசீருத்தீன் சிராகின் மாணவராயிருந்து, முதுமையில் தக்காணம் புகுந்த அப்பெரியாரின் வழித்தோன்றலுக்குக் கோல்கொண்டா அரசவையில் பெருமதிப்பு இருந்ததில் வியப்பில்லை. இபுராகீம் குலி குதுப்ஷா (1550-1580) தம் மகளையே அவருக்கு மணமுடித்தார் என்பர்.

இவ்வரசரைப் பற்றியும் ஒரு சொல். அரியணை ஏறுமுன் ஏழாண்டுகள் விஜயநகரத்தில் இராமராயரின் அடைக்கலத்தில் வாழ்ந்தவர் இவர். தெலுங்குப் புலவர்கள் 'மல்கிபராமா' என்று உரிமையோடு பாடிய புரவலர். அவரே 1565இல் தலைக்கோட்டைப் போரில் இராமராயருக்கு எதிரணியில் நின்றார். அரசியலின் கொடுமை அது.

ஏரிப்பணியை மேற்பார்வையிடும் பொறுப்பை அரசர் தம் மருமகரிடம் ஒப்புவித்தார். இங்குதான் மக்கள் வழங்கும் சுவையான கதையொன்று உண்டு. பணி முற்றியபின் ஏரியைக் காண வந்த அரசர், 'இது யாருடைய ஏரி?' என்று வினவினாராம். 'ஹுசேன் ஷாவின் ஏரி' என்று விடை வந்ததாம். பொருள் தந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்! மனம் நொந்த அரசர் தம் பெயர் நிலைக்க இபுராகீம்பட்டணத்தில் வேறோர் ஏரி எடுத்தார் என்று கதை முடிகிறது. கதை எவ்வாறாயினும், வெயிலில் உடன்நின்று வேலை வாங்கியவரையே மக்கள் நினைவில் வைத்தனர் என்று நாம் கருதுகிறோம்.

ஞானியாரின் அடக்கத்தலம் கோல்கொண்டாக் கோட்டையருகே, ஷேக்பேட்டையை அடுத்துள்ளது. நாகூர் ஆண்டவர் சந்நிதியில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் மனாரா எழுப்பியதை அறிந்த நமக்கு, இத்தர்காவிலும் இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே வணங்குவது புதுமையன்று.

ஆயினும் இப்பெயர் அண்மைக் காலத்தில் நீதிமன்ற ஏடுகளிலும் ஏறியது. மணிகொண்டாவில் 1,654 ஏக்கர் நிலம் தர்காவின் வக்ஃப் சொத்தென்று வக்ஃப் வாரியம் 2006இல் அறிவித்தது. உயர்நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. ஆனால் 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்நிலம் அரசுக்கே உரியதென்று தீர்ப்பளித்தது. கணினித் தொழிலகங்கள் எழுந்து நிற்கும் அம்மண்ணில்தான் நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் பணிபுரிகின்றனர்.

ஏரியின் நிலையும் மாறிவிட்டது. உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) தோன்றியபின் அதன் குடிநீர்ப்பணி ஓய்ந்தது. கழிவுநீர் கலந்து கோடையில் மூக்கைப் பொத்தவும் செய்கிறது. நீர்நடுவே நிற்கும் புத்தர் சிலை நம் கணபதி ஸ்தபதியின் கைவண்ணம் என்று பிள்ளைகளுக்குப் பெருமையோடு காட்டுகிறோம். அடுத்த முறை அவ்வழியே செல்கையில், ஹுசேன் ஷா வலியின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லலாம்.