பாரிசிலிருந்து புதுக்கோட்டை வரை: எழுத்தறிவின் ஒரு வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகளுக்குப் பெயர்பெற்றது. சித்தன்னவாசலில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உண்டு. குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு உண்டு. ஆயினும் அதே மண்ணில் கல்லுடைத்து வாழ்ந்த பெண்களுள் பலர், 1991ஆம் ஆண்டிலும் தம் பெயரை எழுத அறியாதிருந்தனர். அந்நிலை மாறிய வரலாற்றைப் புரிந்துகொள்ள, பாரிசில் பணியாற்றிய ஒரு தமிழரிடமிருந்து தொடங்கவேண்டும்.

1910இல் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா, பொருளியல் பேராசிரியராகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர். பின்னர் யுனெஸ்கோவில் சேர்ந்து, வறிய நாடுகளுக்கான தொழில்நுட்ப உதவித் துறையை நடத்தி, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். தமிழ் பயின்றோர் அவரை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவாகத் துணைநின்றவராகவே பெரிதும் அறிவர். கல்விக்கு இடும் பணம் செலவன்று, முதலீடு என்பதே அவர் இடைவிடாது வலியுறுத்திய கொள்கை.

அவர் அப்பொறுப்பிலிருந்த காலத்தில்தான், 1965 டெஹ்ரான் மாநாட்டையடுத்து, சோதனை எழுத்தறிவுத் திட்டம் பிறந்தது. 1967இல் தொடங்கி இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் அது நடைபெற்றது. தொழிலோடு இணைத்து எழுத்தைக் கற்பித்தால் உற்பத்தி பெருகும் என்பது அதன் அடிப்படை. 1976இல் வெளிவந்த மதிப்பீடோ, பொருளாதார நோக்கு மட்டும் போதாது, சமூகமும் பண்பாடும் கணக்கில் கொள்ளப்படவேண்டும் என்று ஒப்புக்கொண்டது.

ஆதிசேஷய்யா 1970இல் எழுதிய நூலுக்குத் தாகூர் கவிதையிலிருந்து தலைப்பெடுத்தார். வளர்ச்சியில் மனிதனின் பங்கே அதன் பொருள். தாயகம் திரும்பி, 1971இல் சென்னை அடையாற்றில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். அயல்நாட்டு வல்லுநர் ஆலோசனையை மட்டும் நம்பாமல், இங்கேயே ஆய்வு வேரூன்றவேண்டும் என அவர் கருதியதாகவே இதனை நான் கொள்கிறேன்.

புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் வேறொரு வழியில் சென்றது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில், ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் கற்பித்தனர். பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். கல்லுடைத்தோர் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். கூலிக் கணக்கைத் தாமே சரிபார்த்தனர். எழுத்தறிவின் பயனை உற்பத்திப் பெருக்கத்தால் அளந்த திட்டம் எதிர்பாராத விளைவு இது.

ஆயினும் முழு வெற்றி என்று எழுதி முடிக்க இயலவில்லை. பின்னாளில் ஒப்பந்தக்காரர்கள் மீண்டும் தலையெடுத்ததையும் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவுசெய்துள்ளார். 1994இல் ஆதிசேஷய்யா மறைந்தார். அவர் வளர்த்த நிறுவனம் நிற்கிறது, அவர் நூல்கள் நூலகங்களில் உள்ளன. அறிவொளித் தொண்டர்களுக்கோ இன்று முதுமை நெருங்குகிறது. அவர்தம் குறிப்பேடுகளும், அன்று எழுதப் பழகிய பெண்களின் முதற்கடிதங்களும் வீட்டுப் பரண்களில் எஞ்சியிருக்கக்கூடும். கல்வெட்டுகளைப் படியெடுக்கும் நம் மாவட்ட நண்பர்கள் அவற்றையும் தேடித் தொகுக்கவேண்டும்.