பெங்களூர் தந்த ஆடலரசர் இராம் கோபால்

தஞ்சைத் தரணியில் செழித்த சதிர் மைசூர்ச் சீமைக்கு வந்த கதை பழையது. தஞ்சை நால்வருள் மூத்தவரான சின்னையா, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையை அணிசெய்தவர். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அதே கலையைப் பெங்களூரிலிருந்து உலக மேடைக்கு எடுத்துச் சென்ற ஒருவரை நம்மில் பலர் பெயரளவில் கூட அறியோம். அவர் தமிழரும் அல்லர், கன்னடரும் அல்லர். இராம் கோபால் என்பது அவர் பெயர்.

1912ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெங்களூரில் பிறந்தார். தந்தை இராசபுத்திர மரபைச் சேர்ந்த வழக்கறிஞர்; தாய் பர்மியப் பெண்மணி. மகனும் சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடுவதையே இழிவென்று கருதிய காலம் அது. ஆண்மகன் சலங்கை கட்டுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் மைசூர் யுவராஜர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு ஆதரித்தார். அரண்மனையே கைதட்டிய பின் வீட்டின் எதிர்ப்பு எத்தனை நாள் நிற்கும்!

கதகளியைக் குஞ்சுக் குறுப்பிடமும், கதக்கை ஜெய்ப்பூர் மரபினரான சோகன்லாலிடமும் கற்றார். ஆயினும் அவர் கலைக்கு முதுகெலும்பாய் அமைந்தது தமிழகத்து நட்டுவனார்களின் பாடமே என்பது நம் துணிபு. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளை ஆகிய பெருமக்களிடம் அவர் பயின்றார். நட்டுவனார் ஆண், ஆனால் சதிர் மேடையோ பெண்ணுக்குரியது. தட்டுக்கழியும் தாளமுமாய்ப் பக்கத்தில் நின்றவர்களே ஆண்கள். மெலட்டூர்ப் பாகவத மேளத்திலும் குச்சிப்புடியிலும் ஆண்கள் ஆடியதுண்டு. அவை வேறு மரபுகள். அலாரிப்பு முதல் தில்லானா வரை ஓர் ஆண்மகன் ஆடத் துணிந்தபோது, அதற்கு அடவு சொல்லிக் கொடுக்க முதிய ஆசான்கள் இசைந்தார்களே, அந்தப் பெருந்தன்மை எண்ணி மகிழத்தக்கது. பெங்களூரில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய யூ. எஸ். கிருஷ்ணராவும் பந்தணைநல்லூராரின் மாணவரே.

1936இல் இந்தியா வந்த அமெரிக்க நாட்டிய மங்கை லா மேரி, இராம் கோபாலைத் தம்முடன் கீழை நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். சப்பானில் இருவரும் பிரிந்தனர். இளைஞர் அஞ்சவில்லை, பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவிலும், பின்னர் ஐரோப்பாவிலும் தனித்து ஆடினார். 1939இல் இலண்டன் ஆல்ட்விச் அரங்கில் அவர் ஆடியபோது பெரும் வரவேற்புக் கிடைத்தது. உருசிய ஆடலரசர் நிஜின்ஸ்கியோடு அவரை ஒப்பிட்டனர் மேலைநாட்டினர். அவருக்கு முன்பே உதயசங்கர் ஐரோப்பாவில் புகழ் நாட்டியிருந்தார். ஆயின் உதயசங்கர் தமக்கென ஒரு புது நடையைப் படைத்தவர். இராம் கோபாலோ மரபு நடனங்களை முறையே கற்று, அவற்றைப் புதிய மேடைக்கேற்ப அமைத்தவர். இவ்வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது.

அமைப்பு என்று நாம் சொல்வதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு வருணம் ஒரு மணி நேரம் வரைகூட நீளும். பாடலின் மொழியறியாத அவையினர் அதுவரை பொறுத்திருப்பாரா? ஆகவே சில நிமிடங்களில் முடியும் உருப்படிகளாக நிகழ்ச்சியை வகுத்தார். தனி நடனம், குழு நடனம், பரதம், கதகளி, கதக் என மாற்றி மாற்றி அடுக்கினார். ஒளியையும் ஆடையணியையும் ஆட்டத்தின் உறுப்புகளாகவே கருதினார். சிவபெருமானின் அந்திக்கூத்தும், பொன்னிறகு விரித்த கருட நடனமும் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டன. இதனை மரபின் சிதைவு என்று குறை கூறினோர் உண்டு. வருணத்தின் விரிந்த அபிநயம் அங்கே குறைந்துபோனது உண்மையே. அவ்விழப்பை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அடவின் தூய்மையை அவர் விலைபேசவில்லை.

பெங்களூரில் அவர் நடத்திய பள்ளியையும் குழுவையும் பற்றித் தனி நூலே எழுதலாம். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை அவருக்கு நட்டுவாங்கம் செய்தார். மிருணாளினி சாராபாய் தொடக்க காலத்தில் அவருடன் ஆடினார். பிற்காலத்தில் அகமதாபாத்தில் கதக்கிற்குப் புதுவடிவம் தந்த குமுதினி லாக்கியாவும் அக்குழுவில் இளமையில் சேர்ந்து அயல்நாடுகள் சென்றவரே. ஆடியவர் பெயர் விளம்பரத்தில் பெரிதாய் நின்றது. ஆட்டுவித்த நட்டுவனார் பெயரோ ஓரத்தில் ஒதுங்கியது. இது இராம் கோபாலுக்கு மட்டும் உரிய குறையன்று, அக்காலத்து வழக்கம். எனினும் தமிழர் என்ற முறையில் நமக்கு அது உறுத்துகிறது.

1956இல் எடின்பரோ விழாவில் தாஜ்மகால் கதையை நாட்டியமாக அளித்தார். அடுத்த ஆண்டு தம் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1960இல் புகழ்பெற்ற பாலே நடனமணி அலிசியா மார்க்கோவாவுடன் இராதா கிருஷ்ணராக ஆடினார். பின்னர் மேடையை விட்டு மெல்ல விலகினார்.

இந்தியாவின் சங்கீத நாடக அகாதமி 1990இல்தான் அவருக்கு உறுப்பினர் மதிப்பு வழங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டை நெருங்கியிருந்தது. பிரித்தானிய அரசின் விருது 1999இல் வந்தது. 2003ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிறந்த ஊருக்கு வெகு தொலைவில், இலண்டனில் மறைந்தார்.