பத்துப்பாத்திரமும் ஒரு பழைய இயந்திரமும்

வாழவந்திக்கு நாம் சென்றது புத்தகங்களுக்காக. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே மேலும் சிறிது தொலைவு சென்றால் வாழவந்தி. அங்கே நண்பர் ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய தோட்டவீடு உண்டு. தம் பாட்டனார் சேர்த்துவைத்த நூல்களைப் பிரித்து அடுக்கித் தரவேண்டும் என்று அவர் அழைத்திருந்தார். பெட்டிகளைத் திறந்தபோது நமக்குமுன் கறையான் வாசித்து முடித்திருந்தது. வெறுங்கையோடு திரும்ப மனமின்றிச் சமையலறைப் பக்கம் நடந்தோம். அங்கே மூலையில், சாக்கு போர்த்திய நிலையில், இடுப்பளவு உயரமுள்ள இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. கீழே நான்கு சக்கரங்கள். மேலே திறக்கும் மூடி. உள்ளே துருவேறிய கம்பித் தட்டுகள். அடியில் காற்றாடிபோல ஒரு சுழலி.

"பாத்திரம் கழுவுகிற மெஷின். பெரியப்பா அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தார். ஓடி நான் பார்த்ததில்லை" என்றார் நண்பர்.

பின்புறத் தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். 115 வோல்ட், 60 சைக்கிள் என்று பொறித்திருந்தது. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் என்று குறிக்கும் வழக்கம் 1960இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. அமெரிக்காவில் அது பரவச் சில ஆண்டுகள் பிடித்தன. 'சைக்கிள்' என்ற அந்த ஒரு சொல்லே இயந்திரத்தின் பிறந்த காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிட்டது. ஏட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதுபோன்ற வேலைதான். கறையான் பறித்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. இதை ஓட்டிப் பார்த்துவிடுவது என்று நாமும் நண்பரும் முடிவு செய்தோம்.

பழுதுபார்த்த கதைக்குமுன், இந்த இயந்திரம் எப்படித் தோன்றியது என்பதைச் சற்றே பார்த்துவிடலாம்.

1850இல் அமெரிக்காவின் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தாலான ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சுழற்றினால் பாத்திரங்களின்மீது தண்ணீர் தெறிக்கும், அவ்வளவே. அது அழுக்கைப் போக்கியதாகப் பெரிய பேச்சில்லை. இன்றைய இயந்திரத்தின் மூதாய் என்று சொல்லத்தக்கது 1886 டிசம்பர் 28ஆம் நாள் காப்புரிமை பெற்ற ஜோசபின் காக்ரேனின் இயந்திரம். இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். செப்புக் கொதிகலன் ஒன்றினுள் சக்கரம். சக்கரத்தின்மேல் தட்டு, கோப்பை, சாசர் ஆகியவற்றின் அளவுக்கேற்ப வளைத்த கம்பிக்கூடுகள். பாத்திரத்தைத் தேய்க்காமல், சூடான சோப்புநீரை விசையோடு அதன்மேல் அடிப்பது என்ற கருத்து இவருடையது. வாழவந்திப் பெட்டியிலும் நடப்பது அதுவே. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் இவருக்குத் துணை நின்றார்.

காக்ரேன் ஏன் இதில் இறங்கினார் என்பதுதான் நம்மை யோசிக்க வைத்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்தவர் அல்லர் அவர். விருந்து வைக்கும் வசதியான வீட்டின் தலைவி. அவருடைய பரம்பரைப் பீங்கான் தட்டுகளை வேலையாட்கள் கழுவும்போது விளிம்பு உடைத்துவிட்டார்கள் என்பதும், அதனால் எழுந்த சினமே முதல் தூண்டுதல் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதாவது கையைத் தட்டிலிருந்து காப்பதற்கன்று, தட்டைக் கையிலிருந்து காப்பதற்கே இயந்திரம் எண்ணப்பட்டது. பிறகு 1883இல் கணவர் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோக, பொழுதுபோக்காக இருந்த எண்ணம் பிழைப்பாயிற்று.

வாங்கியவர்கள் யார்? இல்லத்தரசியர் அல்லர். சிகாகோவின் பாமர் ஹவுஸ் போன்ற பெரிய ஓட்டல்கள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த இயந்திரம் பரிசு பெற்றது. அங்கிருந்த உணவகங்களிலும் ஓடியது. வீடுகளுக்குள் மட்டும் நுழையவில்லை. அத்தனை வெந்நீரைத் தரும் கொதிகலன்கள் அன்றைய வீடுகளில் இல்லை. பல ஊர்களின் தண்ணீர் கடினநீர், சோப்பு நுரைக்காது. விலையும் மிகுதி. காக்ரேன் 1913இல் காலமானார். அவருடைய நிறுவனத்தை 1926இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான இயந்திரம் வந்தது 1949இல். இடையில் 1924இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் வீட்டுக்கேற்ற சிறு இயந்திரமொன்றை வடிவமைத்தார். முதல் உலகப்போரில் எதிரியின்மேல் நெருப்பை வீசும் கருவிகள் செய்தவர் அவரே. ஜெர்மனியின் மீலே நிறுவனம் 1929இல் மின்சாரத்தால் ஓடுவதைக் கொண்டுவந்தது. ஆயினும் மேலைநாட்டுச் சாதாரணக் குடும்பங்களில் இது பரவியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது அங்கே அரிதாகிவிட்ட காலமும் அதுதான்.

இனி நம் பக்கம் வருவோம். பத்துப்பாத்திரம் என்ற சொல்லில் உள்ள 'பத்து' எண் அன்று. பற்று என்பதே பேச்சில் பத்து ஆயிற்று. சமைத்த சோறு பற்றிய பாத்திரம் பத்துப்பாத்திரம். பத்தும் எச்சிலும் நம் வீடுகளில் அழுக்கு மட்டுமல்ல. எதை யார் தொடலாம் என்ற விதியும்கூட. கொல்லைப்புறத்தில் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் கொண்டு ஒருத்தி தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவாள். வீட்டுக்காரம்மா அவற்றின்மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துக்கொள்வார். பல ஆசாரக் குடும்பங்களில் இது நடைமுறை. அவள் தேய்த்ததால் பாத்திரம் சுத்தமாயிற்று; அவள் தொட்டதால் மறுபடி சுத்தம் செய்யவேண்டியதாயிற்று.

இதே சமையலறையில் இன்னொரு கடும் உழைப்புக்கு இயந்திரம் வந்த கதையை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பைக்காராவில் 1932இலும் மேட்டூரில் 1937இலும் மின்னாக்கம் தொடங்கியபின் மின்சாரம் தமிழகத்தின் உள்ளூர்களுக்கு மெல்லப் பரவியது. 1955இல் கோயம்புத்தூரின் பி. சபாபதி மாவாட்டும் கல்லை மோட்டாரோடு இணைத்தார். அந்த கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று. மோட்டார் உள்ளே வந்தது. பாத்திரம் மட்டும் கையோடு நின்றுவிட்டது.

ஏன்? குழாயில் விசையோடு தண்ணீர் வரவேண்டும் என்பது ஒரு காரணம். குடத்தில் நீர் சுமந்த வீட்டுக்கு இந்தப் பெட்டியால் பயனில்லை. விலை இன்னொன்று. நமக்குத் தோன்றும் மூன்றாவது காரணமும் உண்டு. மாவாட்டுவது அடுக்களைக்குள் நடக்கும் வேலை; பெரும்பாலும் வீட்டுப்பெண்ணே செய்தாள். அவளுடைய தோள்வலி வீட்டுக்குள் கேட்டது. பத்துப்பாத்திரத்தையோ கொல்லைக்குத் தள்ளிவிடலாம். குறைந்த கூலிக்கு ஆள் இருந்தது. ஏழை வீட்டில் இரண்டும் ஒருத்தி தலையில்தான் என்பது வேறு கதை. ஆனால் இயந்திரம் வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு இல்லை. வாங்க முடிந்த வீட்டுக்குத் தேவை இல்லை, தேவைப்பட்ட வீட்டால் வாங்க முடியவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வேலைக்கு வருபவர்கள் வீடு தாண்ட இயலாமற் போனார்கள். நம் நகரங்களில் இந்த இயந்திரத்தின் விற்பனை சட்டென்று ஏறியது. கை நின்றபோதுதான் கருவியின் நினைவு வந்தது.

பழுதுபார்த்த கதைக்குத் திரும்புவோம். பெட்டியைச் சேலத்துக்கு இறக்கி, மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் சேர்த்தோம். நம் மின்சாரம் 230 வோல்ட். அதைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் போதும் என்று நினைத்திருந்தோம். பட்டறைக்காரர் தலையசைத்தார். வோல்ட்டைக் குறைக்கலாம், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்க டிரான்ஸ்பார்மரால் முடியாது. 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும். 115 வோல்ட்டையே கொடுத்தால் சூடேறும். அதையும் ஆறில் ஒரு பங்கு குறைத்து 96 வோல்ட் அளவில் கொடுக்கவேண்டும். சுழலியின் வேகம் ஆறில் ஒன்று குறைந்தால் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். உள்ளிருக்கும் காலக்கருவியும் மின்சாரத்தின் தாளத்துக்கே நடப்பது. அமெரிக்காவில் 60 நிமிடத்தில் முடியும் வேலை இங்கே 72 நிமிடம் எடுக்கும். மலைக்கு ஏறிவந்த இயந்திரம் மலையின் நிதானத்துக்கு வந்துவிடும் என்று நண்பர் சிரித்தார்.

மோட்டாரின் காயில் நல்ல நிலையில் இருந்தது. தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகிப்போயிருந்தது. ஓடினால் தண்ணீர் நேரே மோட்டாருக்குள் இறங்கும். அளவெடுத்து பேரிங் கடையில் பொருத்தமான சீல் வாங்கினோம். குழாய்களையும் மூடியின் ரப்பரையும் மாற்றினோம். பழைய ஒயர்களின் உறை தொட்டால் உதிர்ந்தது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் அவற்றில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதில் இல்லாதிருந்த எர்த் ஒயரையும் சேர்த்தோம். கம்பித் தட்டின் துருவைச் சுரண்டிப் புதுப்பூச்சு கொடுத்தோம். வெளிப்பூச்சை மட்டும் தொடவில்லை.

அந்தப் பூச்சில் ஒரு புதிர் இருந்தது. மூடியின்மேல் வட்ட வட்டமாகத் தேய்ந்த தடங்கள். இயந்திரம் ஓடவேயில்லை என்கிறார்கள். பிறகு இவை எப்படி?

மீண்டும் வாழவந்திக்கு ஏற்றிய நாளில் விடை கிடைத்தது. அந்த வீட்டில் நெடுங்காலம் பாத்திரம் தேய்த்த பாட்டி ஒருவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். செய்தி கேட்டுப் பார்க்க வந்தார். இது என்னவென்று தெரியுமா பாட்டி என்று கேட்டோம்.

"தெரியாம என்ன சார். நாந்தான தெனமும் கழுவுன பாத்திரத்த இதுமேல கவுத்து வெப்பேன். தண்ணி வடிய நல்ல தோது" என்றார்.

பாத்திரம் கழுவ வந்த இயந்திரம் பல ஆண்டுகள், கையால் கழுவிய பாத்திரங்களைத் தாங்கும் மேசையாக நின்றிருக்கிறது. மேலே சொன்ன வரலாறு முழுவதும் அந்த வட்டத் தடங்களில் இருந்தது. பெரியப்பா அதை ஏன் ஓட்டவில்லை என்று நண்பரிடம் பிறகு நாம் கேட்கவில்லை.

அன்று பகல் உணவுக்குப்பின் முதல் ஓட்டம். நண்பர் ஆர்வ மிகுதியில் கையால் தேய்க்கும் திரவத்தை ஊற்றிவிட்டார். மூடியின் இடுக்கெல்லாம் நுரை பொங்கித் தரையில் ஓடியது. இவ்வியந்திரத்துக்கு நுரைக்காத காரத்தூள் வேண்டும். பிறகு அதை இட்டு ஓட்டினோம். 72 நிமிடம் கழித்துத் தட்டுகளும் டம்ளர்களும் பளிச்சென்று வெளிவந்தன. பித்தளையையும் ஈயம் பூசியதையும் அலுமினியத்தையும் உள்ளே வைக்கலாகாது. காரம் அவற்றைக் கறுக்கவைக்கும். எவர்சில்வர் தாங்கும். குண்டான், வடைச்சட்டி, குக்கர், இட்லித்தட்டு எதுவும் உள்ளே நுழையவில்லை. தட்டுக்கும் கோப்பைக்கும் செய்த பெட்டி அது. இலையில் உண்டு இலையை எறிந்த நமக்குத் தட்டு எப்போதும் சிறு சுமையே. அடிபிடித்த சட்டிதான் பெருஞ்சுமை.

தமிழக அரசு 2007இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. அவர்களுடைய உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இவற்றையெல்லாம் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அன்று அடுக்களையில் மிஞ்சிக்கிடந்த சட்டிகளைப் பார்த்ததும், பாட்டி வழக்கம்போல எழுந்து முந்தானையைச் செருகினார். நாம் ஒரு கணம் பேசாமல் நின்றோம். அந்த ஒரு கணம் இதை எழுதும்போதும் உறுத்துகிறது.

பிறகு அவரைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, நாமும் நண்பரும் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். வயது நாற்பதைக் கடந்த இருவருக்கும் வடைச்சட்டியை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"மொதல்ல வெந்நி ஊத்தி ஊறப்போடுங்க சார்" என்றார் பாட்டி.