எரிச்சலை அளக்கும் வினாப்பட்டியலும் பட்டாசுத் தொழிலாளரின் கோபமும்

அலுமினியத் தூளும் கந்தகமும் புழங்கும் அறையில் நாள் முழுதும் வேலை செய்து வந்த ஒரு பெண்ணிடம், ‘கடந்த இரு வாரங்களில் உங்களுக்கு எரிச்சல் இருந்ததா?’ என்று கேட்டால், கண்ணையோ கையையோ நினைத்து அவர் ‘ஆம்’ என்று சொல்லக்கூடும். கேட்டவரோ மனத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். தாளில் அந்த ‘ஆம்’ ஒரு மனநிலையின் மதிப்பெண்ணாகப் பதிவாகிவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களுக்கு உளவியல் அளவுகோல்களைக் கொண்டுசெல்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இது. ‘மருந்து’ என்ற சொல்லே அங்கு முதலில் குறிப்பது வெடிமருந்தைத்தான்.

உளவியலில் எரிச்சல் என்பது சிறு காரணத்துக்கும் கோபம் மூளத் தயாராக இருக்கும் மனநிலை. மனச்சோர்விலும் பதற்றத்திலும் விபத்துக்குப் பிந்தைய மனக்காயத்திலும் அது தலைகாட்டுவதால், அதைத் தனியே அளக்கும் தேவை எழுந்தது. ஹோல்ட்ஸ்மனும் உடனாய்வாளர்களும் கனடாவில் உருவாக்கி 2015இல் ‘அசெஸ்மென்ட்’ இதழில் வெளியிட்ட ‘சுருக்க எரிச்சல் சோதனை’ அத்தகையது. ஐந்தே கூற்றுகள், கடந்த இரு வாரங்களைப் பற்றியவை, ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஆறு படிநிலைகள். பாலினச் சார்பு புகாமல் ஆண், பெண் இருவருக்கும் பொருந்த வேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். சாதி குறித்து அதே கேள்வியை இங்கே எழுப்புவதில் விந்தை ஏதுமில்லை.

மொழிபெயர்ப்புக்கு 1970இல் பிரிஸ்லின் விளக்கிய முறை ஒன்றுண்டு. ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைக் காணாத மற்றொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார், பின் இரண்டும் ஒப்பிடப்படும். ‘எரிச்சல்’ இத்தேர்வில் எளிதாகத் தேறிவிடும். இருவரும் கல்விப்புலத்தின் தமிழைப் பேசுவோர் என்பதால், பிழை இருவர் கண்ணுக்கும் படாது. நரம்பை வைத்து அமைந்த ஓர் ஆங்கில மரபுத்தொடரும் அந்த ஐந்து கூற்றுகளில் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது நரம்புத் தளர்ச்சி பற்றிய கேள்வியாகிவிடும். ‘கடுப்பு’ என்று மாற்றலாமா? கை கால் கடுப்பதையும் அச்சொல் குறிக்கும். அமர்ந்தே வேலை செய்பவர் எதை நினைப்பார்? ‘சிடுசிடுப்பு’ ஓரளவு பொருந்தும். எது பொருந்தும் என்பதைத் தொழிலாளர்தாம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்கும் அறிதல் நேர்காணல் அதற்கானது. பல ஆய்வுகளில் பெயருக்கு நடத்தப்படுவதும் அதுவே.

ஆய்வறிக்கைகள் பெருமையுடன் காட்டும் கிரான்பாக் ஆல்பா எண், கூற்றுகள் ஒன்றோடொன்று இசைவதை மட்டுமே சொல்லும். எல்லாக் கூற்றுகளும் ஒரே வகையில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் அந்த எண் உயர்வாகவே வரலாம். நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு.

சாதி நுழையும் இடம் இதைவிட நுட்பமானது. ஒரே அளவு எரிச்சல் கொண்ட இருவர், குழுவேறுபாட்டால் ஒரு கூற்றுக்கு வேறு வேறு விடை தருவார்களானால் அக்கூற்று சார்புடையது. போர்மேனிடமோ கடன் கொடுத்தவரிடமோ கோபத்தைக் காட்ட இயலாத தலித் தொழிலாளி, கோபத்தை விழுங்கிப் பழகியவர். ‘சீறிவிடுவேன் போலிருந்தது’ என்ற கூற்றுக்கு அவர் ‘இல்லை’ என்று சொல்வது அமைதியின் சான்றாகாது. ‘வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தொந்தரவு’ என்ற ஒப்பீடும் அப்படித்தான். அவமதிப்பே வழக்கமாகிவிட்டால் எதைவிடக் கூடுதல்? தாளை நீட்டுபவர் ஆலை நிர்வாகத்தின் துணையோடு வந்திருந்தால் விடை இன்னும் மாறும். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் எடுத்த இரு வாரக் கணக்கும், அதன்பின் வேலையற்ற நாட்களில் எடுத்ததும் ஒன்றாகா.

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய இழப்புக்குப் பின் நீளும் கோபத்தில் மனக்காயத்தின் அறிகுறியும் இருக்கலாம், இழப்பீட்டையும் பாதுகாப்பையும் கேட்கும் நியாயமும் இருக்கலாம். ஐந்து கூற்றுகளால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தப்பியோடும் அடிமைகளுக்கு 1851இல் அமெரிக்க மருத்துவர் கார்ட்ரைட் ஒரு நோய்ப்பெயரே சூட்டினார். 1960களில் உரிமை கேட்ட கறுப்பின ஆண்களின் சினம் மனச்சிதைவாக வாசிக்கப்பட்டதை மெட்சல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எனவே இவ்வட்டாரத்துக்கான தமிழ் வடிவத்தில் தலித் தொழிலாளரின் விடைகள் தனியே பகுக்கப்பட வேண்டும். கூற்றுக்குக் கூற்று சார்பு சோதிக்கப்பட வேண்டும். பயிற்சி பெற்றவரின் நேர்காணலோடு மதிப்பெண் ஒப்பிடப்பட வேண்டும். தாளில் இன்னொரு வரிக்கும் இடம் வேண்டும்: ‘எதனால்?’