சிமிட்டிய சிவப்பு விளக்கு

பழுதடைந்த பழைய இயந்திரமொன்றைத் திருத்த முனைபவர் முதலில் திருப்புளியைத் தேடுவார். அந்த இயந்திரம் பிறந்த காலத்தின் வரலாற்றைத் தேடுபவர் அரிது. ஆயினும் சில இயந்திரங்களின் நோய், அவற்றை உருவாக்கியவர்களின் அச்சங்களில் வேரோடியிருப்பதுண்டு. யப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய ‘நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இக்கருவியின் நோய்க்குறி உலகறிந்தது. ஆளியை அழுத்தியதும் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு செக்கனுக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். தொலைக்காட்சித் திரையும் அதனோடு சேர்ந்து சிமிட்டும். விளையாட்டு தொடங்காது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இதற்குத் தாமாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். விளையாட்டு அடங்கிய காட்ரிஜை வெளியே எடுத்து, அதன் வாயில் பலமாக ஊதி, மீண்டும் செருகினார்கள். பல வேளைகளில் அது பலித்தது. ஏன் பலித்தது என்பதையும், விளக்கு ஏன் சிமிட்டியது என்பதையும் அறிய 1983ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு யூலை 15ஆம் திகதி ‘ஃபமிகொம்’ என்ற பெயரில் இக்கருவியின் மூல வடிவம் யப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 14,800 யென். மசயூகி உவெமுரா தலைமையிலான பொறியியலாளர் குழு அதனை வடிவமைத்திருந்தது. காட்ரிஜை மேலிருந்து நேராகச் செருகும் எளிய அமைப்பு அது, தொடுமுனைகள் 60. தொடக்கத்தில் அதற்கும் நோய் இருந்தது. குறைபாடுடைய சில்லொன்றினால் விளையாட்டின் நடுவே கருவி உறைந்து நின்றது. நிறுவனம் விற்ற கருவிகளைத் திரும்பப் பெற்று, தாய்ப்பலகையை மாற்றிக் கொடுத்தது. நேர்மையான பழுது, நேர்மையான திருத்தம்.

அதே 1983இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து வீழ்ந்தது. எவர் வேண்டுமானாலும் விளையாட்டுகளைத் தயாரித்து விற்கலாம் என்றிருந்த நிலையில், தரமற்ற பண்டங்கள் கடைகளில் மலிந்தன. விற்காத காட்ரிஜ்களை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. 2014ஆம் ஆண்டு அவ்விடத்தைத் தோண்டியபோது அவை உண்மையாகவே வெளிப்பட்டன. சூடுகண்ட கடைக்காரர்கள், ‘வீடியோ விளையாட்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளித்தனர்.

இந்தச் சந்தைக்குள் நுழைய விரும்பிய நிண்டெண்டோ இரண்டு முடிவுகளை எடுத்தது. இரண்டுமே அச்சத்தின் பிள்ளைகள்.

முதலாவது, மாறுவேடம். விளையாட்டுக் கருவி என்று தோன்றாதவாறு, அக்காலத்தில் வீடுகளில் புகழ்பெற்றுவந்த வீடியோ கசெற் கருவியைப் போல அதற்கு உருவம் கொடுக்கப்பட்டது. காட்ரிஜ் முகப்பிலுள்ள கதவினூடாகப் படுக்கையாக உள்ளே சென்று, பின்னர் கீழ்நோக்கி அழுத்தப்பட்டது. அவ்வாறு அழுத்தும்போது, உள்ளேயிருந்த 72 மெல்லிய உலோக முனைகள் வளைந்து காட்ரிஜின் தொடுபரப்பைப் பற்றிக்கொள்ளவேண்டும். ஆயிரம் தடவை வளைந்த முனை தன் முறுக்கை இழக்கும் என்பது எந்தக் கொல்லனுக்கும் தெரிந்த உண்மை.

இரண்டாவது, பூட்டு. அனுமதியற்ற விளையாட்டுகளைத் தடுக்க ‘10 என்.ஈ.எஸ்.’ என்ற நிரலைத் தாங்கிய ஒரு நுண்சில்லு கருவியினுள்ளும், அதன் இணை ஒவ்வொரு காட்ரிஜினுள்ளும் வைக்கப்பட்டன. கருவியின் சில்லு பூட்டு. காட்ரிஜின் சில்லு சாவி. விளையாட்டு நடைபெறும் நேரமெல்லாம் இவை இரண்டும் தமக்குள் இரகசியக் குறிகளை ஓயாது பரிமாறிக்கொண்டே இருக்கும். விடை தவறினாலோ, வராமலே விட்டாலோ, பூட்டுச் சில்லு முறைவழியாக்கியை நிறுத்தி மீண்டும் தொடக்கும். செக்கனுக்கு ஒருமுறை தொடக்கிக்கொண்டே இருக்கும். விளக்கின் சிமிட்டல் அதுவே. யப்பானிய ஃபமிகொமில் இந்தப் பூட்டு இருக்கவில்லை.

இவ்விரு முடிவுகளும் சந்தித்த இடத்தில் நோய் பிறந்தது. 72 முனைகளுள் 4 முனைகள் பூட்டுக்கும் சாவிக்கும் இடையிலான உரையாடலுக்கானவை. மாறுவேடத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட தளர்ந்த இணைப்பில் அந்த நான்கில் ஒன்று விலகினாலும் போதும். உள்ளே உள்ள அனைத்தும் நலமாயிருக்க, கருவி தன் சொந்தக் காட்ரிஜையே கள்ளன் என்று சந்தேகித்து வாசலை அடைத்துவிடும். சிமிட்டிய கருவிகளுட் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல. அவை நம்ப மறுத்தவை.

ஊதுதல் பலித்ததற்கும் இதுவே காரணம். காட்ரிஜை எடுத்துத் திரும்பச் செருகும்போது முனைகள் வேறிடத்தில் பொருந்துகின்றன. பயன் விளைவித்தது பெரும்பாலும் அந்த மறுசெருகலே. மூச்சோ நாளடைவில் தீங்கே செய்தது. அதன் ஈரம் உலோகத்தில் அரிப்பை உண்டாக்கி, அடுத்த சிமிட்டலுக்கு வழி சமைத்தது. 1989இல் நிறுவனம் துப்புரவுக் கருவித் தொகுதியொன்றை விற்பனைக்கு விட்டது. நோயை விற்றவரே மருந்தையும் விற்றார் எனலாம்.

பூட்டை உடைக்க முயன்றவர்களும் இருந்தனர். சிறு நிறுவனங்கள் சில, மின்னழுத்த அதிர்ச்சியால் பூட்டுச் சில்லைத் திகைக்கச்செய்யும் காட்ரிஜ்களை வெளியிட்டன. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1988இல், தான் வழக்கில் பிரதிவாதி என்று பொய் கூறி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து அந்த நிரலின் பிரதியைப் பெற்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோவுக்குச் சார்பான தடையுத்தரவை உறுதிசெய்தது. எனினும், முறையாகப் பெற்ற பிரதியொன்றை அதன் கருத்துகளை விளங்கிக்கொள்ளும் பொருட்டுப் பிரித்தாராய்வது நியாயமான பயன்பாடாகலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. திருத்துபவர்களுக்கு அவ்வாசகத்தின் அருமை தெரியும்.

1993இல் நிறுவனம் கருவியை மறுவடிவம் செய்தது. காட்ரிஜ் மீண்டும் மேலிருந்து நேராகச் செருகப்பட்டது. பூட்டுச் சில்லு அகற்றப்பட்டது. சிமிட்டலும் மறைந்தது. இரண்டு முடிவுகளும் கைவிடப்பட்டதும் நோய் தீர்ந்தது என்பதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

இன்று அப்பழைய கருவியைத் திருத்த விரும்புபவர் இவ்வரலாற்றையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். விளக்கு எரியவே இல்லையெனில் அடப்டரிலிருந்து தொடங்கவேண்டும். அமெரிக்கக் கருவிக்குரியது 9 வோல்ற் ஆடலோட்டம். ஃபமிகொமுக்குரியது 10 வோல்ற் நேரோட்டம். முன்னையதன் அடப்டரைப் பின்னையதில் செருகினால் கருவி கருகும். அடப்டர் சரியெனில், உள்ளே 5 வோல்ற் கிடைக்கிறதா என மல்ரிமீற்றரால் பார்க்கவேண்டும். காட்ரிஜ் இல்லாமல் ஆளியை அழுத்தும்போது விளக்கு சிமிட்டினால் மகிழ்ச்சியடையலாம். மின்வழங்கலும் பூட்டும் உயிரோடிருக்கின்றன என்பது அதன் பொருள். காட்ரிஜ் இட்ட பின்பும் சிமிட்டினால் குற்றம் தொடுமுனைகளில். விளக்கு நிலையாக எரிந்தும் திரை வெறுமையாயிருந்தால், பூட்டின் முனைகள் பொருந்தி, ஏனைய முனைகளில் சில விலகியிருக்கலாம்; அதன் பின்னரே சில்லுகளைச் சந்தேகிக்கவேண்டும்.

காட்ரிஜின் தொடுபரப்பை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சினால் துடைப்பது முதற்சிகிச்சை. 72 முனை இணைப்பானைக் கழற்றி, கொதிநீரிலிட்டு அழுக்கு நீக்கி, நன்றாக உலர்த்திப் பூட்டுவது அடுத்தது. பலர் புதிய இணைப்பானை வாங்கிப் பொருத்திவிடுகின்றனர். ஆனால் மலிவான புதியவை காட்ரிஜை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதால், மூல இணைப்பானைச் சுத்தஞ்செய்வதே மேல் என்பது அனுபவசாலிகள் பலரின் கருத்து.

அறுவைச் சிகிச்சையும் ஒன்றுண்டு. பூட்டும் சாவியும் ஒரே வகைச் சில்லே. எது பூட்டாக இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நான்காம் கால். அக்காலைத் தாய்ப்பலகையிலிருந்து துண்டித்துத் தரையிணைப்போடு சேர்த்துவிட்டால், காவற்காரன் தன்னையும் வந்தவனாக எண்ணிக்கொள்வான். அதன்பின் எவரையும் மறித்து நிறுத்துவதில்லை. ஒரு கால் போனதும் சந்தேகம் போய்விடுகிறது!

காட்ரிஜ்களுக்கும் மூப்பு உண்டு. விளையாடியவரின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் காட்ரிஜ்கள் சிறு மின்கலத்தினால் உயிர்வாழ்கின்றன. மின்கலம் ஓய்ந்தால் சேமிப்பு அழியும். அதனை மாற்றவென்றால், சாதாரணத் திருப்புளிக்கு இடங்கொடாத சிறப்புத் திருகாணிகள் வழிமறிக்கின்றன. அங்கும் ஒரு பூட்டு!

ஃபமிகொமின் உற்பத்தி 2003இல் நின்றது. 2007 ஒக்டோபர் 31ஆம் திகதியுடன், உதிரிப்பாகங்கள் இல்லையென்று கூறி, அதனைத் திருத்திக்கொடுக்கும் சேவையையும் நிண்டெண்டோ முடித்துக்கொண்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் திருத்திக்கொடுத்தமை பாராட்டுக்குரியதே. ஆனால் அன்றிலிருந்து, உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்ற ஒரு கருவிக்கு, வாங்கியவரின் கைகளைத் தவிர வேறு கதியில்லை. உவெமுரா 2021 டிசெம்பரில் மறைந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில், விளையாட்டுக் கருவியைத் திருத்துவதற்காக மென்பூட்டைத் தாண்டிச் செல்ல அமெரிக்க அரசு விதிவிலக்களித்தது; அதுவும் இறுவட்டு இயக்கியைத் திருத்தும் அளவுக்கு மட்டுமே.

பூட்டுவதற்கு அன்று நியாயம் இருந்தது. குப்பைமேட்டில் புதைந்த ஒரு சந்தையை மீட்டெடுத்தவர்களின் அச்சத்தை நாம் இகழவேண்டியதில்லை. ஆனால் பூட்டியவர் விலகிச்சென்ற பின்னரும் பூட்டு காவல் நின்றுகொண்டேயிருக்கும். அதனைத் திறக்கும் அறிவு எங்கோ ஒரு மேசையில், பஞ்சும் திருப்புளியுமாக அமர்ந்திருக்கும் ஒருவரிடம் எஞ்சியிருப்பதனாலேயே அந்தச் சிவப்பு விளக்கு இன்னமும் நிலையாக எரிகிறது.