"இந்த வயசுல தலையைத் திறக்கணுமா டாக்டர்?"

1/ மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு வர்ற பெரியவங்களோட பிள்ளைங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான். திறக்காமலே அடைக்க ஒரு வழி இருக்கு. அது வந்த கதைதான் இந்த த்ரெட்.

2/ ரத்தக்குழாய் சுவர் பலவீனமான இடத்துல குட்டி பலூன் மாதிரி புடைக்கும். அதுதான் அன்யூரிசம். வெடிச்சா மூளையைச் சுத்தி ரத்தம் பரவும். மறுபடி கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. அதனால சீக்கிரம் அடைக்கணும்.

3/ 1937, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. வால்டர் டாண்டி மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்போட கழுத்துல வெள்ளி கிளிப் போட்டார். ரொம்ப காலம் இதுதான் முக்கிய வழி. ஆனா மூளையை விலக்கித்தான் உள்ளே போகணும். வயசான உடம்பு தாங்குமான்னு டாக்டர்களே தயங்கினாங்க.

4/ இன்னொரு வழி, ரத்தக்குழாய்க்குள்ளேயே போறது. 1927ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டினார். 1970களில் மாஸ்கோவில் செர்பினென்கோ குட்டி பலூனை உள்ளே அனுப்பி, அங்கேயே கழட்டி விட்டார்.

5/ அடுத்து இத்தாலி டாக்டர் குய்டோ குல்யெல்மி. மின்சாரத்தால ரத்தத்தை உறைய வைக்கிற சோதனையில, கம்பியோட முனை தானா கழன்று உள்ளேயே தங்கிடுச்சு. அந்தத் தவறுதான் யோசனையாச்சு! தொடை இடுக்கு வழியா மெல்லிய பிளாட்டினம் சுருளை அனுப்பி, சின்ன மின்சாரம் கொடுத்துக் கழட்டி விடுறது. அதுதான் காயில். 1990ல் லாஸ் ஏஞ்சலிஸில் நோயாளிகளுக்குப் போட ஆரம்பிச்சார்.

6/ 2002ல் ஐசாட் ஆய்வு, 2143 பேர். ஒரு வருஷத்துல இறந்தவங்களும் அடுத்தவர் துணையில்லாம வாழ முடியாதவங்களும்: கிளிப் போட்டவங்கள்ல 30.6%, காயில் போட்டவங்கள்ல 23.7%.

7/ அதுல 65 வயசும் அதுக்கு மேலயும் இருந்த 278 பேரைத் தனியா பார்த்தப்போ, மொத்தத்துல பெரிய வித்தியாசம் இல்ல. காயில் போட்டவங்களுக்கு வலிப்பு குறைவு. ஆனா சில இடத்துப் புடைப்புக்குக் கிளிப்பே மேல். அதனால காயில்தான் எப்பவும் நல்லதுன்னும் சொல்ல முடியாது.

8/ ஆக, வயசை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க. புடைப்பு எங்கே இருக்கு, நோயாளி எந்த நிலையில வந்தார், ரெண்டுல எது பொருந்தும்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

9/ பாட்டி திடீர்னு "இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்ல"ன்னு சொன்னா, தைலம் தேய்ச்சுப் படுக்க வைக்காதீங்க. உடனே 108.